பண்டேஜ் துண்டு தந்த மிஸ்ஸிக்கும் மற்ற எல்லாருக்கும்

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம் வாசல்படியில் உட்கார்ந்து, தானாகக் கேட்டு ஒரு கோப்பை ப்ளேன்டீ குடித்தார். இதை எழுதும்போது உள்காம்பராவில் அவர் மூச்சு விடுவது கேட்கிறது. அந்தச் சத்தத்துக்குத்தான் இத்தனை நாள் காத்துக்கிடந்தோம்.

நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும்: ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அம்மாவுக்குக் காலில் இரத்தம் கட்டி, அது நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. ராத்திரி பகல் பார்க்காமல் போன் எடுத்து விசாரித்தவர்கள் நீங்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும் வந்தேன். அதிலும் முதல் நன்றி, இதை வாசிக்க வழியே இல்லாத ஒருவருக்கு.

கர்ப்பப்பை ஒப்பரேஷனுக்குப் பிறகு அம்மா இருந்த வாட்டில் ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இருந்தார். சிங்களவர். என்னைவிட வயது குறைவுதான். பெயர் போட்டால் அவருக்கு ஏதும் சங்கடம் வருமோ என்று போடாமல் விடுகிறேன். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று நான் பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கையில் கொடுத்த கார்டில் எல்லாமே இங்கிலீஷ். அம்மாவுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. அந்த மிஸ்ஸி கார்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பண்டேஜ் சுருளோடு வந்தார்.

அம்மாவின் முழங்காலுக்குக் கீழே நாலு விரல் வைத்து, பேனையால் ஒரு புள்ளி குத்தினார். அந்த இடத்தில் கெண்டைக்காலைச் சுற்றி, முனையும் முனையும் முட்டும் இடத்தில் கத்தரித்தார். மற்றக் காலிலும் சுற்றிப் பார்த்தார். அதிலும் சரியாக முட்டியது. “ஹரி” என்றார். பிறகு இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி விட்டுப் பிடித்துக் காட்டி, “மெஹெம வுணொத் என்ன” என்றார். நம்முடைய ‘என்ன’ இல்லை அது. சிங்களத்தில் ‘வாங்க’. இப்படி ஆனால் வாங்க என்றார். நெஞ்சில் கை வைத்து, மூச்சு வாங்குவது மாதிரி செய்து காட்டி, “இக்மனட்ட என்ன” என்றார். சீக்கிரம் வாங்க. கடைசியாக அவருக்குத் தெரிந்த தமிழில்: “அம்மே, படுக்க எப்பா. நடக்க, நடக்க.” எப்பா என்றால் வேண்டாம்.

எத்தனை நாளைக்கு என்று அக்காவின் மகள் கேட்டாள். ஆறு வயதிலிருந்தே டவுணில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடியவள். “சதி ஹயக்” என்று மிஸ்ஸி ஆறு விரலைக் காட்டினார். ஆறு கிழமை.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவ்வளவுதான். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள், காயம் நன்றாக ஆறியிருந்தது, இனிப் பயமில்லை என்று கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டேன். தோட்டத்து லயத்தில் எல்லாரும் அன்போடுதான் அம்மாவைப் படுக்க வைத்தார்கள். பச்சை உடம்பு, அசையக்கூடாது என்றார்கள். வெளியே விடாத மழை, பனி. கக்கூஸுக்கு வழுக்குகிற படியில் இறங்கிப் போகவேண்டும் என்பதற்காக அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

ஆனால் அந்தத் துண்டு சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு நாள் காலையிலும் பள்ளிக்கூடம் போகுமுன் அக்காவின் மகள் அம்மாயிக்கு அளந்து பார்த்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி. 18ஆம் நாள் அம்மாவுக்கு நெஞ்சு பிடித்தது. டவுணில் ஓரிடத்தில் காட்டினோம், வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 19ஆம் நாள் காலையில் இடது காலில் முனைகள் சேரவில்லை. இரண்டு விரல் இடைவெளி. “நேத்துத்தானே டொக்டர் பாத்தாரு” என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பிள்ளை விடவில்லை. “மிஸ்ஸி வரச் சொன்னாங்க. போகணும்” என்று அழுதுகொண்டே நின்றிருக்கிறாள். அந்த அழுகைக்காகத்தான் 1990 அம்பியூலன்ஸுக்குப் போன் பண்ணினோம்.

கண்டியில் ஸ்கேன் எடுத்த பிறகு, தமிழ் பேசுகிற ஒரு டொக்டர் கட்டில் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தினார். ஒப்பரேஷனுக்குப் பிறகு உடம்பு இரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கப் பார்க்கும். ஆளும் படுத்தே கிடந்தால் காலில் ஓட்டம் மந்தமாகி, ஆழத்து இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிப்போகும். அந்தக் கட்டி கழன்று இருதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கான் வெட்டாம விட்டா சேறு கட்டி, பெறகு மொத்தமா அடிச்சிக்கிட்டுப் போய் கீழ அடைக்குமே, அந்த மாதிரியா?” என்று கேட்டார். முப்பது வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவர். டொக்டர் அதேதான் என்றார்.

நான் நினைத்தது என்னவென்றால், ஆபத்து ஒப்பரேஷன் மேசையில்தான், அதைத் தாண்டினால் தாண்டியதுதான். பிறகு தேடிப் படித்தேன். பிரித்தானியாவில் 9 லட்சத்துக்கும் அதிகமான நடுத்தர வயதுப் பெண்களைப் பின்தொடர்ந்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கி ஒப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முதல் 6 கிழமையில் இப்படி இரத்தம் கட்டும் ஆபத்து, செய்யாதவர்களைவிடக் கிட்டத்தட்ட 70 மடங்கு. 7ஆம் கிழமையிலிருந்து 12ஆம் கிழமை வரைகூட ஏறக்குறைய 20 மடங்கு. உச்சம் மூன்றாவது கிழமை. மூன்றாவது கிழமை! தையல் பிரித்து, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போய், நானும் கொழும்பில் துணி மடித்துக்கொண்டிருந்த கிழமை. 12 கிழமைக்குள் 140 பேரில் ஒருவருக்கு இது வந்திருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று அந்த மிஸ்ஸிக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் வாசிக்கத் தெரியாத ஒரு பொம்பளை தன் கையாலேயே பார்த்துக்கொள்ளும்படி ஒரு வழி செய்து கொடுத்தார். அதற்கு அவருக்கு ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். கால் வீங்காமலும் இது வருமாம். அதனால் துண்டு சரியாக முட்டுகிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். திடீரென மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், மயக்கம் போட்டால் உடனே கொண்டு போங்கள். போனதும் முதல் வார்த்தையாக “ஒப்பரேஷன் செய்து இத்தனை நாள்” என்று சொல்லுங்கள். டவுணில் காட்டியபோது நாங்கள் அதைச் சொல்லவே இல்லை.

அம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து, அந்த மழையில் படியிறங்கி ரோட்டுக்குத் தூக்கி வந்த மேல் லயத்துத் தம்பிமார், அம்பியூலன்ஸில் வந்து ஒக்சிஜன் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டே வந்த இருவர், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அத்தனை வளைவிலும் பின்னாலேயே ஆட்டோவில் வந்து ஒரு சதமும் வாங்காத அண்ணன், பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த பக்கத்துக் காம்பரா அக்கா, ‘காசை பிறகு பாப்போம்’ என்று அரிசியும் மாவும் கொடுத்தனுப்பிய கடை நானா, கோயிலில் விளக்கேற்றியவர்கள், எனக்கு லீவு தந்து சம்பளமும் வெட்டாத முதலாளி — ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்து சொல்லவேண்டும். வருவேன்.

இப்போது இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை. கிளினிக்கில் இரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கணக்குப் பார்க்கிறார்கள், 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டுமாம். கீரையை ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டு ஒரு நாள் விடக்கூடாது, ஒரே அளவில் சாப்பிடவேண்டும் என்றார்கள். அன்போடு கசாயம் கொண்டுவருகிறவர்கள் கோபிக்க வேண்டாம். டொக்டரிடம் கேட்காமல் எதையும் கொடுக்கமாட்டோம்.

ஹட்டனில் ஒரு பண்டேஜ் சுருள் வாங்கி வந்திருக்கிறேன். நம் டிவிஷனில் யார் ஒப்பரேஷன் செய்துகொண்டு வந்தாலும் போய் அளந்து வெட்டிக் கொடுப்பேன். 1990 என்று ஒரு கடதாசியில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டும் வருவேன். கீழ் லயத்து அக்காவுக்கு இன்று காலையில் கொடுத்தாயிற்று. அளந்தது அக்காவின் மகள்தான். புள்ளி குத்திவிட்டு, “சதி ஹயக்” என்று ஆறு விரல் காட்டினாள்.

மிஸ்ஸி, அடுத்த கிளினிக் முடிந்ததும் உங்கள் வாட்டுக்கு வருவோம். அம்மா உங்களுக்கென்று நல்ல தேயிலைத் தூளாகப் பார்த்து ஒரு பைக்கட் கட்டி வைத்திருக்கிறார். துண்டையும் துவைத்துக் காயவைத்திருக்கிறார். உங்களிடம் திருப்பிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவர்களே உங்கள் காலில் சுற்றி அளந்து பார்க்கட்டும் என்றேன்.