ரிக்லி மைதானம் பார்த்து வந்த மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு, அப்பா எழுதுவது.

சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் பேஸ்பால் பார்த்ததாகவும் பாதி ஆட்டம் புரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். எதையும் கிரிக்கெட்டை வைத்தே அளக்கும் எனக்கும் அது அந்நிய ஆட்டம்தான். ஆனால் அந்த மண்ணில் பந்து எறிந்த ஒருவரைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன்.

மார்டெகாய் பிரவுன் 1876இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதில் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் வலக்கைச் சுட்டுவிரலின் பெரும்பகுதி போயிற்று; அந்தப் புண் ஆறுவதற்குள் கீழே விழுந்து மற்ற விரல்களையும் முறித்துக்கொள்ள, அவை கோணலாகவே கூடிவிட்டன. பிற்காலத்தில் "மூன்று விரல் பிரவுன்" என்று பெயர் வைத்தார்கள். கட்டைவிரலோடு சேர்த்து நான்கு விரலும் ஒரு துண்டும் இருந்த மனிதருக்கு அந்தக் கணக்கு எப்படி வந்ததோ!

நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தபடி உள்ளூர் அணிகளில் ஆடியவர், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான பெரிய லீக்கில் நுழைந்தது 1903இல்தான். அந்தக் கோணல் விரல்கள் தந்த சுழற்சியில் பந்து மட்டையை நெருங்கும்போது சட்டென்று கீழே இறங்கும். 1906இல் சிகாகோ கப்ஸ் அணிக்காக அவர் எறிந்தபோது, ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்கு, எதிரணிக்கு விட்டுக்கொடுத்ததாக அவர் கணக்கில் ஏறியது சராசரியாக 1.04 ரன்தான்.

எல்லோரும் விரலோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, தான் தொடங்காத ஆட்டத்திலும் அழைத்தவுடன் இறங்கிய அவருடைய ஆயத்தம். 1908 அக்டோபர் 8ஆம் நாள் நியூயார்க்கில், லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே பந்து எறியத் தொடங்கிய சக வீரர் தடுமாற, பிரவுன் இறங்கி, எதிரணிக்குப் பந்து எறிந்த, புகழின் உச்சியில் இருந்த கிறிஸ்டி மேத்யூசனை எதிர்த்து 4–2 என வென்று கொடுத்தார். அவ்வாண்டு, இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரையும் வென்ற கப்ஸ், அடுத்த உலகத் தொடர் பட்டத்துக்கு 2016 வரை காத்திருந்தது.

அப்போது கப்ஸின் மைதானம் வேறு. நீ உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவர்கள் 1916இல் வந்தார்கள். அன்று அதன் பெயர் வீக்மன் பார்க். அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள், முதுமை தட்டிய பிரவுனும் மேத்யூசனும் அங்கேதான் கடைசியாக மோதினார்கள். 10–8 என்று மேத்யூசனின் அணி வென்றது; இருவருமே பிறகு பெரிய லீக்கில் பந்து எறியவில்லை.

அடுத்த முறை போகும்போது, பந்து எறியும் அந்த மண்மேடு உன் இருக்கையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா