பார்க் ஹில்லிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வீடு எப்படி என்று போனில் கேட்டீர்கள், "நல்லா இருக்கு" என்று முடித்துவிட்டேன். மேஸ்திரிக்கு அந்தப் பதில் போதாது, அதனால்தான் இது.

இங்கிலாந்து என்றாலும் ஷெஃபீல்டும் நம் குன்னூர் போல மேடு பள்ளம்தான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பார்க் ஹில், 1957இல் ஆரம்பித்து 1961இல் முடித்த மாநகராட்சிக் குடியிருப்பு, கிட்டத்தட்ட ஆயிரம் வீடு. மொட்டைமாடியை முழுக்க ஒரே மட்டத்தில் வைத்துவிட்டார்கள்; தரை இறங்க இறங்க மாடி கூடிக்கொண்டே போகிறது, மேட்டுப் பக்கம் 4 மாடி, பள்ளத்தில் 13. ஏழு மீட்டருக்கு மேல் கட்ட விடாத மலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் நீங்கள், பார்த்தால் தலை சுற்றும். மூன்று மாடிக்கு ஒரு நீள வராந்தா, அந்தக் காலத்தில் பால் வண்டியே அதில் ஓடியதாம், அவ்வளவு அகலம்.

1998இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்ததால் இடிக்க முடியவில்லை. நான் இருக்கும் பகுதியில் காங்கிரீட் தூண், உத்திரத்தை மட்டும் விட்டுவிட்டு செங்கல், ஜன்னல் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அலுமினியத் தகடு பதித்திருக்கிறார்கள். உள்ளே என் படுக்கையறைச் சுவரில் பழைய காங்கிரீட், ஒட்டுப்போட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாக. பூச்சு வேலை பாக்கி என்று நினைப்பீர்கள். அதுதான் அழகாம், அதற்குத்தான் இந்த வாடகை!

அப்புறம் ஒரு விஷயம். வாசலோடு வாசலாகப் பாட்டியின் எஸ்டேட் லைன் வீடுகள் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டில் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. முதலில் கட்டியபோது இடித்த பழைய தெருக்களின் பெயரையே வராந்தாக்களுக்கு வைத்து, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்தே குடிவைத்தார்களாம். புதுப்பிக்கும்போது குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, முதலில் முடித்த பகுதியில் பெரும்பாலான வீடுகளை விலைக்கு விட்டுவிட்டார்கள். கட்டடத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியாவது அவர்களுக்குக் காட்டியிருக்கலாம்.

துணிதான் காய்வதில்லை, அதில் நம்மூர் மார்கழிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுப் பின்பக்கத் தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்திவிடச் சொல்லுங்கள், போன வருஷம் இரண்டு மண் அடைத்துக் கிடந்தன. தம்பியை ஏறச் சொல்லுங்கள். நீங்கள் ஏற வேண்டாம், அம்மாவிடம் கேட்பேன்.

அன்புடன்,
செல்வி