கன்னியாவில் மூன்று வாளித் தண்ணீர்: திருகோணமலை மாவட்டப் பாடசாலை அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிபர்களே,

இந்த ஊரில் இருபது வருடமாக உயர்தரப் பிள்ளைகளுக்கு அளவையியல், அதாவது சரியாக நியாயிக்கும் முறை பற்றிய பாடம், சொல்லிக்கொடுக்கிறேன். உப்புவெளி, மூதூர், கிண்ணியா என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். 'ஏன் இந்தப் பாடத்தை எடுத்தாய்?' என்று முதல் நாள் கேட்பேன். 'லேசான பாடம் எண்டு சொன்னவை சேர்' என்பதுதான் அநேகமாகப் பதில். நோட்ஸைப் பாடமாக்கினால் ஏ வருகிறது, அதுவும் உண்மைதான். ஆனால் இந்தப் பாடத்தின் தாயான மெய்யியல் (தத்துவம்) என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கள். ஏ எடுத்த பிள்ளையும் 'ஞானத்தின் மீதான காதல்' என்று ஒரு வரியை ஒப்புவித்துவிட்டு நிற்கும்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உயர்தரம் தொடங்கும் முதல் தவணையில், விஞ்ஞானம், வர்த்தகம், கலை என்று பாராமல் எல்லாப் பிரிவுக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையை மெய்யியல் அறிமுகத்துக்கு ஒதுக்குங்கள். பரீட்சை வேண்டாம்.

எப்படிக் கற்பிக்கலாம் என்பதற்கு நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கூடிய சூடுள்ள தண்ணீர் ஒரு வாளியில், வீட்டிலிருந்து கொண்டுபோன ஐஸ் தண்ணீர் இன்னொரு வாளியில், இளஞ்சூட்டுத் தண்ணீர் மூன்றாவதில். ஒரு கையைச் சூட்டிலும் மற்றக் கையை ஐஸிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக நடு வாளிக்குள் விடச் சொன்னேன். ஒரு கை குளிர் என்றது, மற்றக் கை சூடு என்றது. எப்போதும் பின்வாங்கில் இருந்து வாயே திறக்காத ஒரு பிள்ளை கையை எடுக்காமலே கேட்டாள்: 'அப்ப சேர், தண்ணி உண்மையா எப்படி இருக்குது?'

எதை, எப்படி அறிகிறோம் என்று கேட்கும் அறிவாராய்ச்சியியல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதன் பிறகுதான் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக்கின் பெயரைச் சொன்னேன். 17ஆம் நூற்றாண்டில் அவர் இதே தண்ணீர் உதாரணத்தைத்தான் எடுத்தார். சூடும் குளிரும் தண்ணீரில் இல்லை, உணர்கிற நம்மில்தான் இருக்கின்றன என்றார். அவருக்குப் பின் வந்த பார்க்லி, அப்படியானால் வடிவமும் அளவும் மட்டும் எப்படி வெளியே இருக்கும் என்று கேட்டு இன்னும் ஒரு படி மேலே போனார். கிண்ணியாப் பிள்ளைகளுக்கு இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் (1058–1111) பெயர் தெரியும். நட்சத்திரம் கண்ணுக்கு ஒரு நாணயத்தின் அளவில் தெரிகிறது, கணிதமோ அது பூமியிலும் பெரிது என்கிறது, அப்படியானால் கண்ணை எப்படி நம்புவது என்று அவர் கேட்டதைச் சொன்னபோது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இதேபோல் புலன்களைச் சந்தேகித்துத் தொடங்கிய பிரெஞ்சு மெய்யியலாளர் டேகார்ட், கஸ்ஸாலிக்கு வெகு காலம் பிந்தியவர்; அவர் பிறந்ததே 1596இல்தான்.

நம்முடைய மணிமேகலையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன், அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான் பூதவாதி, பூதங்களின் சேர்க்கையே உலகமும் உயிரும் என்பவன். சரி, உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். தமிழில் ஒரு இளம்பெண் கேட்ட இந்தக் கேள்வியைப் பக்க எண்ணோடு பாடமாக்க வைத்து வீணாக்குகிறோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அனுமானத்துக்கும் ஒரு எல்லை உண்டு. இத்தனை வருடமும் மார்கழியில் நம் கடல் கொந்தளித்தது, அதனால் வரும் மார்கழியிலும் கொந்தளிக்கும் என்கிறோம். எந்த நியாயத்தால்? ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் ஹியூம் (1711–1776) இதைத்தான் கேட்டார். அந்தக் கேள்வி தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது என்று எழுதினார் ஜேர்மன் மெய்யியலாளர் கான்ட். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைக்கு இது தெரியாமல் போகலாமா?

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைத் தொட எனக்கே பயமாக இருந்தது. 2004 மார்கழி 26 அன்று கடல் அம்மம்மாவைக் கொண்டுபோன வீட்டுப் பையன், சுனாமிக்குப் பிறகு பிறந்தவன், கேட்டான்: 'கடவுள் நல்லவர் எண்டால் ஏன் சேர்?' நான் பதில் சொல்லவில்லை. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு கடலும் ஏறி வந்ததைச் சொன்னேன். இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று ஜேர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸ் முன்பே எழுதிவைத்திருந்ததையும், அதை பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கோபத்தோடு எதிர்த்ததையும், இளைஞராக இருந்த கான்ட் நிலநடுக்கத்தின் இயற்கைக் காரணங்களைத் தேடிக் கட்டுரைகள் எழுதியதையும் சொன்னேன். தன்னுடைய கேள்வியை வேறு ஊர்க்காரரும் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. இருப்பையும் கடவுளையும் பற்றிய இத்தகைய கேள்விகளை ஆராயும் பகுதிக்குரிய பௌதீக அதீதம் என்ற சொல்லை அன்று நான் கரும்பலகையில் எழுதவில்லை.

ஒழுக்கவியலுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருவரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா என்று கேட்டுவிட்டால் போதும், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அப்புறம் பொய் எப்போதும் தவறு என்ற கான்டையும், விளைவைப் பார்த்து முடிவு செய் என்ற ஆங்கில மெய்யியலாளர் மில்லையும் ஆளுக்கொரு பக்கம் சேர்த்துவிடலாம்.

கிரேக்கரை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். சோக்கிரட்டீஸ் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. கேள்வி கேட்டே வாழ்ந்து, கி.மு. 399இல் நஞ்சு குடித்து இறந்தார். அவருடைய மாணவர் பிளேட்டோ, பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டோட்டில். அரிஸ்டோட்டில் கோழி முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துக் குஞ்சு உருவாவதைப் பார்த்தவர், மீனவர்களிடம் விசாரித்துக் கடல் உயிர்களைப் பற்றி எழுதியவர். நம் மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர் அந்நியர் இல்லை.

ஒரு பாடசாலையில் இதைக் கேட்டபோது, 'ரிசல்ட்ஸுக்கு உதவாது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அன்று எனக்கு மிகவும் வலித்தது. மற்ற அதிபர்களாவது அடுத்த தவணைக்கு நேரசூசி போடுவதற்கு முன் என்னை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். சம்பளம் வேண்டாம். கன்னியாவுக்குப் போக ஒரு வானும் பெற்றோரின் சம்மதமும் நீங்கள் பாருங்கள், வாளிகளை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு அளவையியல் ஆசிரியர்