மிதவையை அறுத்துவிட்டு வலையை எடைக்குப் போடுங்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊராட்சித் தலைவர்களுக்கும், மீனவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பழைய சாமான் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். வலையைப் பிரித்துக் கட்டுவதும், கழித்ததை ஒதுக்குவதும் அந்த 61 நாளில்தான் மும்முரமாக நடக்கும். கழித்தது எங்கே போகிறது என்பது உங்களுக்கே தெரியும். தங்கூஸ் வலை (நைலான் நரம்பு வலை), மடித் துண்டு (இழுவை வலைத் துண்டு), கயிறு, மிதவை, பிய்ந்த செருப்பு எல்லாம் ஒரே குவியலாகச் சேரும். சாயங்காலம் யாராவது ஒரு தீக்குச்சி கிழிப்பார்கள். எரிந்து முடிந்ததும் சாம்பலைக் கிளறி, வலையில் கட்டியிருந்த ஈயக்குண்டைப் பொறுக்குவார்கள்.

பிளாஸ்டிக் அச்சு வேலையில் இருப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன். எந்தப் பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு சூடு ஆகும் என்பதுதான் எங்கள் பிழைப்பே. நான் சொல்ல வருவது ஒரு பொருளைப் பற்றி: அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும்பும் அந்த மெத்து மிதவை. ஈ.வி.ஏ., அதாவது எத்திலீன் வினைல் அசிட்டேட். பல செருப்புகளின் அடிப்பாகமும் இதே சரக்குதான்.

சாதாரண பாலித்தீன் என்பது எத்திலீன் மட்டுமே கோத்த நீளச் சங்கிலி. காற்றுப் படாமல் சூடேற்றினால் 400 டிகிரி வாக்கில்தான் அது மளமளவென்று அறுபடும். அதே சங்கிலியில் இடையிடையே வினைல் அசிட்டேட்டைச் சேர்த்தால் மெதுமெதுப்பு வருகிறது. கூடவே ஒரு பலவீனமும் வருகிறது. 300 டிகிரியைத் தாண்டியதும் முதுகெலும்புச் சங்கிலி அப்படியே இருக்க, பக்கத்தில் தொங்கும் அசிட்டேட் மட்டும் கழன்று அசிட்டிக் அமிலமாக வெளியே வரும். கண்ணைக் கரிக்கும் அந்தப் புளிப்பு நெடி இதுதான். 28 சதவீதம் வினைல் அசிட்டேட் உள்ள 100 கிராம் சரக்கிலிருந்து ஏறத்தாழ 20 கிராம் அமிலம் வரும். கணக்கு அவ்வளவுதான், ஆனால் ஒரு சாக்கு மிதவைக்குப் போட்டுப் பாருங்கள்.

அமிலம் போன இடத்தில் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு விழும். அடுத்து 400 முதல் 500 டிகிரிக்குள் அந்தச் சங்கிலியும் உடையும். இரட்டைப் பிணைப்புகள் வளையமாகச் சேர்ந்து பென்சீன் வகைப் பொருள்களாகவும் கரியாகவும் மாறும். புகை கறுப்பது அப்போதுதான். கரையில் எரியும் குவியலில் ஒரு மூலை 200 டிகிரி, நடுப்பகுதி 600 டிகிரி என்று இருக்கும். ஆகவே இரண்டு கட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும். ஈயம் உருகுவது 327 டிகிரியில். அமிலம் கிளம்புவதும் அந்தச் சூட்டில்தான். ஈயத்துக்கும் அசிட்டிக் அமில ஆவிக்கும் ஒத்துவராது, அரித்துவிடும். அரித்த ஈயம் கலந்த அந்தச் சாம்பலைத்தான் வெறுங்கையால் கிளறுகிறோம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல் கரையில் வைத்த தீயின் புகை ஊருக்குள்தான் வரும்.

சரி, எரிக்காமல் எடைக்குப் போட்டால் தீர்ந்ததா? இல்லை. பலரும் கவனிக்காத சங்கதி இங்கேதான் இருக்கிறது. தங்கூஸ் வலை நைலான். நைலான் 6 உருகவே 220 டிகிரி வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷினின் பேரலை, அதாவது அதன் சூட்டுக் குழாயை, 240, 260 என்று வைத்துத்தான் ஓட்டுவார்கள். 300 வரை போகவே வேண்டாம், ஈ.வி.ஏ.யை 230-க்கு மேல் நிறுத்தி வைத்தாலே வாடை தட்டத் தொடங்கும். மிதவைத் துண்டு நாலு உள்ளே போனால் போதும்: கிளம்பும் அமிலம் நைலான் சங்கிலியையே அறுக்கும், பேரலின் இரும்பையும் அரிக்கும், டை என்ற அச்சுத் துளையிலிருந்து வரும் இழை குமிழி குமிழியாக வந்து கையோடு முறியும். இழுவை மடி பாலித்தீன் நூல், 200 டிகிரியில் ஓடும், அமிலத் தொல்லை குறைவு. அங்கே வேறு வம்பு. மிதவை நுரையைக் குறுக்குப் பிணைப்பு போட்டு, அதாவது சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டித்தான் செய்கிறார்கள். அது மறுபடி உருகாது. கட்டி கட்டியாகப் போய்ச் சல்லடையை அடைக்கும், ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் சல்லடை மாற்றிக்கொண்டிருப்பார். அப்புறம் அந்த லோடுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்?

அதனால்தான் சொல்கிறேன், கத்தி ஒன்று போதும். மேல்கயிற்றிலிருந்து மிதவையையும் அடிக்கயிற்றிலிருந்து ஈயக்குண்டையும் கரையிலேயே அறுத்துவிடுங்கள். தங்கூஸ் ஒரு சாக்கு, மடி ஒரு சாக்கு, மிதவை ஒரு சாக்கு. கடைக்கார அண்ணன்மார் பிரித்த நைலானுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் யாரும் சொல்லாமலே பிரிப்பார்கள். மெத்து மிதவையிலேயே பி.வி.சி. நுரையும் உண்டு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். அதிலிருந்து வருவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்னும் மோசம்.

இன்னொன்று. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் வந்தது. இப்போது மாடிக்கு மாடி பேனல். கண்ணாடிக்கும் சிலிக்கான் செல்லுக்கும் நடுவே ஒட்டாக இருப்பதும் பெரும்பாலும் ஈ.வி.ஏ.தான். அதையும் 150 டிகிரி வாக்கில் வேகவைத்துக் குறுக்குப் பிணைப்பு போட்டுவிடுவதால் காய்ச்சி உரிக்க முடியாது. தாமிரத்துக்கும் வெள்ளிக்கும் ஆசைப்பட்டு அடுப்பில் போட்டால் அமிலத்தோடு நிற்காது. பல பேனல்களின் பின்தாளில் ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது, அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு நுரையீரலைப் பதம் பார்க்கும். 2022-இன் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் அடக்கம். உடைந்த பேனல் வந்தால் பிரிக்காமல் ஓரமாக வையுங்கள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள்.

ஊராட்சித் தலைவர்களே, திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு விதிகளே தடுத்திருக்கின்றன. புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். அபராதத்தில் ஆரம்பிக்காதீர்கள், கடனில் கிடக்கிற ஆளிடம் அது எடுபடாது. இறங்குதளத்துக்கு ஒரு கூரையும் சாக்கு மாட்ட நாலு கம்பும் போதும். தடைக்காலம் தொடங்குவதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கூப்பிட்டால் வந்து, எது நைலான், எது பாலித்தீன், எது ஈ.வி.ஏ. என்று தொட்டுக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்துக்காரன் ஒருவன்