நாடக சிகிச்சைக்கு மூன்று நாள் போதாது

ஆசிரியருக்கு,

போன கிழமை எங்கள் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் வந்தது. மூன்று நாள் பட்டறை, சாப்பாடும் தேநீரும் உண்டு, முடிவில் 'நாடக சிகிச்சையாளர்' என்று சான்றிதழ். நடிப்பாலும் கதையாலும் விளையாட்டாலும் மனக்காயத்தை ஆற்றுகிற வேலைதான் நாடக சிகிச்சை. நடத்துகிறவர்கள் யார் என்று இங்கே எழுத விரும்பவில்லை. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2005 ஆம் ஆண்டு. சுனாமி வந்து ஆறோ ஏழோ கிழமை இருக்கும். முல்லைத்தீவில் ஒரு முகாமுக்கு, பிள்ளைகளோடு விளையாட நாங்கள் ஐந்து பேர் போனோம். ஐந்து பேரும் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்கள். இந்த வேலைக்கென்று எங்களுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு நாள். ஒரு நீலச் சேலையின் இரண்டு தலைப்பையும் பிடித்து அலை மாதிரி ஆட்டினோம். பிள்ளைகள் கீழால் ஓட வேண்டும். கடல் பயம் போய்விடும் என்று நினைத்தோம். ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன் இரண்டு தரம் சிரித்துக்கொண்டே ஓடினான். மூன்றாம் தரம் நடுவில் நின்று சேலையைப் பிடித்தான். அழவில்லை. கையில் சுற்றத் தொடங்கினான், முழங்கை வரைக்கும் சுற்றினான். விரல் நுனி வெளிறிப் போயிற்று. மற்றப் பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். அடுத்தது என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கைதட்டிப் பாட்டுப் பாடினோம். பிறகு மெல்ல மெல்லச் சேலையைக் கழற்றி எடுத்தோம். வாகனம் காத்துக்கொண்டு நின்றது, வெளிக்கிட்டோம். அடுத்த கிழமை போனபோது, சொந்தக்காரர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள்.

நாங்கள் செய்தது பிழை. லண்டனில் பயின்ற ஒரு நாடக சிகிச்சையாளரிடம் பல வருடம் கழித்துப் பத்து நாள் படித்தபோதுதான் எது பிழை என்று விளங்கியது. கடலால் காயப்பட்ட பிள்ளைக்கு முன்னால் கடலையே கொண்டுபோய் வைக்கக் கூடாது. குளத்து மீனின் கதை, கூடு கலைந்த குருவியின் கதை என்று தள்ளி நின்று தொடங்க வேண்டும். பிள்ளை தானாகக் கிட்ட வரும்வரை பொறுக்க வேண்டும். பாத்திரத்துக்குள் போனவரை அவருடைய சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கைகாலை உதறச் செய்து, வெளியே கொண்டுவந்து இருத்தியபிறகுதான் எழும்ப வேண்டும். அடுத்த கிழமையும் அதே நாள், அதே நேரம், அதே ஆள் போய் நிற்க வேண்டும். நாங்கள் வாகனத்தின் நேரத்துக்கு எழும்பி வந்தவர்கள்.

பிரித்தானியாவில் 'நாடக சிகிச்சையாளர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உரிய பேரவையில் பதியாதவர் அந்தப் பெயரைப் போட முடியாது. பதிவதற்கு முதுமாணிப் படிப்பு வேண்டும், மேற்பார்வையின் கீழ் ஆட்களோடு வேலை செய்து பழகியிருக்க வேண்டும். அமெரிக்காவில், நாடகத்துக்குப் பதிலாக நடனத்தாலும் உடலசைவாலும் மனதை ஆற்றுகிற நடன அசைவுச் சிகிச்சையாளராகப் பதிய, முதுமாணிப் படிப்போடு 700 மணிநேரம் அப்படிப் பயில வேண்டும். அங்கே இந்தத் துறைக்கு வழி போட்ட மரியன் சேஸ் ஒரு நடன ஆசிரியை. 1942 இல் வொஷிங்டனில் உள்ள புனித எலிசபெத் மனநல வைத்தியசாலையில் வேலை தொடங்கினார். பேச்சற்றுப் போனவர்களின் அசைவைத் தன் உடம்பில் வாங்கித் திருப்பிக் காட்டி அவர்களோடு பழகினார். நாங்கள் வகுப்பில் தினமும் ஆடுகிற கண்ணாடி விளையாட்டும் கிட்டத்தட்ட அதுதான். யாரோடு ஆடுவது, எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் அவ்வளவு மணிநேரம்.

பிரித்தானியப் படிப்பில் இன்னொரு நிபந்தனை உண்டு. மாணவரும் ஒரு சிகிச்சையாளரிடம் போய்த் தன் மனதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2009 இல் நான் என் தம்பியை இழந்தவள். நான் நடத்திய ஒரு பட்டறையில் ஒரு தாய் தன் பிள்ளையின் கதையை நடித்துக் காட்டியபோது, பாதியில் நான் அழத் தொடங்கிவிட்டேன். கடைசியில் அந்த அம்மாதான் எனக்குத் தண்ணீர் தந்து தேற்றினார். அவருடைய நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னோடு இருந்து பேச மேற்பார்வையாளர் என்று ஒருவரும் இருக்கவில்லை.

சரி, வெளிநாடு போய்ப் படிக்கலாமே என்பார்கள். கட்டணத்தைப் பார்த்து அன்றைக்கே மூடிவைத்தேன். போனாலும் அது ஆங்கிலப் படிப்பு. எங்கள் அம்மாமார் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. 'நெஞ்சுக்குள்ள எரியுது', 'உடம்பு விறைச்சுப் போச்சு', 'ஒரே யோசினை' என்றுதான் வருகிறார்கள். ஒப்பாரியையும் கூத்தையும் அம்மன் கோயிலில் உருவாடுவதையும் தெரிந்த ஒருவர் தமிழில் படிப்பித்தால்தான் அந்த எரிவு எங்கே இருக்கிறது என்று பிடிக்க முடியும். அப்படித் தமிழில் ஒரு முழுக் கற்கைநெறியை நான் தேடிய அளவில் காணவில்லை.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. மட்டக்களப்பில் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்ற பிள்ளைகளுக்கான நிலையம் 1996 இலேயே, போரைக் கண்ட பிள்ளைகளோடு களிமண்ணும் கதையும் நாடகமுமாக வேலை தொடங்கியது. இந்தியாவில், கொல்கத்தாவில் 2004 இல் தொடங்கிய சன்வேத் அமைப்பு, ஆட்கடத்தலிலிருந்து மீண்ட பெண்களோடு நடனத்தால் வேலை செய்தது. மும்பையின் டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனத்தோடு சேர்ந்து டிப்ளோமாவும் நடத்தியது. மீண்டு வந்த பெண்களே அங்கே பயிற்றுநர் ஆனார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் இருக்கிறது, நாடகமும் அரங்கியலும் இருக்கிறது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு பக்கமும் உண்டு. மருத்துவப் பக்கமும் அரங்கப் பக்கமும் ஒரு மேசையில் இருந்து, வேலை பார்க்கிறவர்களுக்கு வார இறுதியில் இரண்டு வருடப் பட்டப்பின் டிப்ளோமா ஒன்றைத் தமிழில் தொடங்க வேண்டும். வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் மேற்பார்வையோடு பயிற்சி, மாணவருக்கும் உளவளத்துணை, இரண்டும் கட்டாயமாக இருக்கட்டும். அதுவரைக்கும் மூன்று நாள் பட்டறைகள் நடக்கட்டும், நானும் போவேன். சான்றிதழில் 'அரங்க விளையாட்டுப் பயிற்சி' என்று மட்டும் போடுங்கள்.

கற்கைநெறி தொடங்கினால் முதல் அணிக்கு விண்ணப்பிக்க இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து ஏழு பேர் இருக்கிறோம். ஆறு பேர் ஆசிரியர்கள், ஒருவர் தாதி.

இப்படிக்கு,
நாடகமும் அரங்கியலும் ஆசிரியை,
முல்லைத்தீவு