காந்த ஜாய்ஸ்டிக் வாங்குமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறை வந்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சாமான் அறைகளிலிருந்து பழைய விளையாட்டுக் கருவிகள் வெளியே வருகின்றன. கருவி ஓடும், ஜாய்ஸ்டிக்தான் சொன்னபடி கேட்காது. உடனே இணையக் கடையில், குச்சியின் அசைவைக் காந்தத்தால் அறியும் ‘காந்த சென்சார்’ என்று கண்ணில் பட்டதை வாங்கி மாட்டிவிடுகிறோம். ஜாய்ஸ்டிக் வேலை செய்யும் விதம் கருவிக்குக் கருவி வேறு. அதைப் பார்க்காமல் வாங்கினால் பணமும் போகும், கன்ட்ரோலரும் கெடும்.

1996ல் வெளிவந்த நின்டெண்டோ 64ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குச்சியின் அடிமுனை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உராய்ந்தபடி அசையும். குறுக்கும் நெடுக்குமாக உள்ள இரண்டு வளைவுகள் பல்சக்கரங்களைத் தள்ளி, துளையிட்ட வட்டுகளைச் சுழற்றும். துளைகள் வழியே ஒளி விட்டுவிட்டு விழுவதைச் சிப் எண்ணும். திறந்தால் வெள்ளைத் தூள் கொட்டும். அது தூசி அல்ல, தேய்ந்துபோன பிளாஸ்டிக். ஒளி சென்சார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே கிண்ணம், வளைவுகள், குச்சி ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். பிளாஸ்டிக்கை அரிக்காத சிலிக்கான் கிரீஸ் ஓர் அரிசி அளவு தடவலாம். அதிகமானால் வட்டின் துளைகளை அடைத்து எண்ணிக்கையைக் குழப்பும்.

மொத்தக் குச்சியையும் மாற்றுபவர்கள் தடுக்கி விழுவது வீச்சில்தான், அதாவது குச்சியை முழுதாகச் சாய்க்கும்போது கருவிக்குப் போகும் எண்ணில். சோதனை மென்பொருளில் நல்ல நிலையிலுள்ள பழைய குச்சி ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 80 காட்டும். நின்டெண்டோவின் அடுத்த கருவியான கேம்கியூப் பாணி மாற்றுக் குச்சிகளில் பல 100ஐத் தாண்டும். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆட்டங்கள் 80ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை ஆயிற்றே! லேசாகச் சாய்த்தாலே ஓட்டம் பிடிக்கும், மெல்ல நடக்க வைக்க முடியாது. வீச்சைக் குறைக்கும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். நடுநிலை மட்டும் தவறியிருந்தால் எதையும் வாங்க வேண்டாம்: குச்சியை விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் பொத்தான்கள் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும்.

பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் கன்ட்ரோலரில் கதை வேறு. உள்ளே இருப்பது பொட்டென்சியோமீட்டர், அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறும் உறுப்பு. அதன் கரித்தடம் தேயும், குச்சியைத் தொடாமலே திரையில் ஆள் நகரும். இங்கே காந்த சென்சாருக்கு நியாயம் உண்டு. (விளம்பரங்கள் இதைப் புதுமை என்கின்றன, 1998ல் வந்த சேகா ட்ரீம்காஸ்டின் குச்சியிலேயே காந்தமும் அதை உணரும் ஹால் சென்சாரும் இருந்தன.) ஆனால் பொட்டென்சியோமீட்டரின் வெளிக்கால்களில் மின்முனை மாறினால் திசைதான் தலைகீழாகும், ஹால் சென்சாரில் மாறினால் அது எரிந்தே போகலாம். எனவே பழையதைக் கழற்றுமுன், எந்தக் காலில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. ஒரு குச்சிக்குப் பொதுவாக 14 சால்டர் (பற்றாசு) புள்ளிகள். ஒரு கால் ஒட்டியிருக்கும்போதே இழுத்தால் துளையைச் சுற்றியுள்ள செப்பு வளையம் பெயர்ந்து வந்துவிடும். பழைய குச்சி இனி வேண்டாம் என்றால் கால்களை வெட்டிவிட்டு, புதிய ஈயச் சால்டரைக் கொஞ்சம் சேர்த்து உருக்கி ஒவ்வொன்றாக எடுங்கள்.

அட்டாரி 2600க்கு இந்தத் தொல்லை இல்லை. நான்கு திருகுகளைக் கழற்றினால் உள்ளே ஆறு கம்பிகள், ஒரு பலகை. மைக்ரோசுவிட்ச் (‘கிளிக்’ என்று விழும் சிறு சுவிட்சு) பலகைக்கு மாறினால் அழுத்தம் தெளிவாகத் தெரியும். வடத்தில் மட்டும் கவனம் தேவை. சேகா மெகா டிரைவின் 9 முனைச் செருகியும் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் அட்டாரியில் 5 வோல்ட் வருவது 7ஆம் முனையில், சேகாவில் 5ஆம் முனையில்.

சால்டர், சுவிட்சு, வடம் எல்லாம் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்கும். பழைய கன்ட்ரோலரை வாங்கிப் பாகம் எடுப்பது, சுங்கை ரோடு சந்தை 2017ல் மூடப்பட்டபின் சிரமமாகிவிட்டது. மிஞ்சியிருப்பது இணையக் கடைதான். அங்கே விற்பவர்கள் பெட்டியில் ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று அச்சடிப்பதை விட்டு, எந்த மாடலுக்கு, எத்தனை வோல்ட், வீச்சு எவ்வளவு என்ற மூன்றையும் போடவேண்டும். அதைப் போடாத கடையில் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோ பாயோ