உணவு மாதிரிகளில் நோய்க்கிருமிப் பரிசோதனை செய்யக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நாள்: 16.06.2025

பொருள்: உணவால் நோயுற்றோர் புகாரில் உடனடியாக மாதிரி எடுத்து, நுண்ணுயிரியல் பரிசோதனைக்கு அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த மே 18 ஞாயிறு இரவு எங்கள் பகுதிக் கடையொன்றில் சிக்கன் ஷவர்மா வாங்கினோம். மறுநாள் மதியத்துக்குள் என் பதினோரு வயது மகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டன. அங்கேயே வாங்கிச் சாப்பிட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் அதே நிலை. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

மிஞ்சிய பொட்டலத்தையும், ரப்பர் பேண்டு சுற்றிய மயோனைஸ் பையையும் புகாருடன் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். பிரித்த உணவை ஏற்க இயலாது என்றார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி நாமே பரிசோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமாம். நோய் வரும் என்று தெரிந்தா வாங்குகிறோம்?

கடையில் மாதிரி எடுத்தது நான்கு நாள் கழித்து. அன்று காலை வந்த கறி அது. அறிக்கையில் செயற்கை நிறம் இல்லை என்று இருந்தது. கிருமி பற்றி ஒரு வரியும் இல்லை.

சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கும் உணவில் வாடையும் மாறாது, நிறமும் மாறாது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு நான்கைந்து நாட்கள் ஆகும். மாதிரியைக் கிருமி நீக்கிய கலத்தில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து விரைவாக அனுப்ப வேண்டும். பால் மாதிரிகளில் வேதிப் பரிசோதனைக்காகச் சேர்க்கும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தை இதில் சேர்த்தால், தேடுகிற கிருமியே செத்துப்போகும்.

பச்சை முட்டை மயோனைஸுக்கு அரசு ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததை மனமார வரவேற்கிறோம். தடை வந்த நாற்பதாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்த பையில் இருந்தது எந்த மயோனைஸ் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே, இத்தகைய புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் மேற்கண்ட முறையில் மாதிரி எடுத்து, நுண்ணுயிரியல் வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பவும், நோயாளி வீட்டில் மிஞ்சிய உணவையும் விசாரணைக்காகவாவது பெற்றுக்கொள்ளவும் உத்தரவிடக் கோருகிறேன். உணவு நச்சு நேர்வுகளை மருத்துவர்கள் தெரிவிக்க வகைசெய்யும் அதே சட்டத்தின் பிரிவு 35-ஐ நம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்த அரசுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன். நோயாளியின் மலத்திலும் உணவிலும் ஒரே கிருமி தென்பட்டால் பிறகு யாரும் மறுக்க முடியாது.

அந்தப் பொட்டலம் இன்னும் எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது. எப்போது கேட்டாலும் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டு, புகார் ரசீது, ஆய்வறிக்கை – நகல்கள்.